காற்றுத் தின்ற கிராணி

கனகசபை மோட்டார் வாங்கிய பிறகு அவருடைய செருப்பு தேயவில்லை. டிரான்ஸ்பர் ரோட்டில் அவர் குடியிருந்த வீட்டுக்கு நாலு வாசல் தள்ளித்தான் நாவிதர் கடை. அங்கே முகம் மழிக்கப் போவதற்கும் வண்டியை வெளியே எடுப்பார். கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே வாசலைப் பார்ப்பான். வண்டி வந்து நின்று, ஹாரன் அடித்து, கதவை இரண்டு தரம் திறந்து மூடி, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு அவர் உள்ளே நுழைவதற்குள், நடந்து வந்தவர்களுக்கு அவன் சவரம் முடித்து அனுப்பியிருப்பான்.

பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜண்டு கம்பெனியில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. துரைக்கு முன்னால் முதுகு வளையும். சின்னக் கிராணிகளுக்கு முன்னால் அதே முதுகு நிமிரும். வண்டியும் ஒரு துரையுடையதுதான். ரப்பர் விலை விழுந்து சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரை விட்டுவிட்டுப் போனது. மேல்கூரையில் ஒட்டுப் போட்டிருந்தது. இடது பக்க விளக்கு எப்போதும் வானத்தைப் பார்த்தது. காலையில் எழுந்ததும் மான்தோல் துண்டால் அதை முழுவதும் துடைப்பார், குனிந்து குனிந்து, மூச்சு விட்டு விட்டு. தன் மனைவி சௌந்தரத்தின் முகத்தை அவர் அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தது கிடையாது.

பினாங்கில் மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு கடமை இருந்தது. சாயங்காலமானால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பாடாங் திடலுக்குப் போக வேண்டும். மலாய்க்காரர்கள் அதை மக்கான் ஆங்கின் என்பார்கள், காற்றுத் தின்பது. கடலைப் பார்த்து வண்டிகள் வரிசையாக நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். கச்சாங், வறுத்த கடலை, விற்கிறவன் ஜன்னல் ஜன்னலாக வருவான். பாண்டு வாசிக்கிற நாளில் பாண்டு கேட்பார்கள்; வாசிக்காத நாளில் ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புல்லில் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிற கூலியாளுக்கும் அதே காற்றுத்தான் வீசியது. வண்டிக்குள் இருந்தவர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு காற்று வருவதாக நினைத்துக்கொண்டார்கள்.

சௌந்தரம் பின் இருக்கையில் கூறைப்பட்டுச் சேலையில் உட்கார வேண்டும். கழுத்தில் என்ன, காதில் என்ன என்பதை அவர்தான் சொல்வார். வியர்த்தாலும் விசிறக் கூடாது. விசிறினால் காற்று வரவில்லை என்று அர்த்தமாகிவிடும். கடலை வாங்கலாம்; சத்தம் வராமல் தின்ன வேண்டும். திருவிழாவில் எழுந்தருளப் பண்ணின அம்மனைப் போல அவள் அசையாமல் இருப்பாள். அம்மனுக்காவது வருஷத்துக்கு ஒரு தரம்தான்.

ரப்பரும் ஈயமும் விழுந்து கிடந்த காலத்தில் சர்க்கார் பெட்ரோலுக்கு வரியை ஏற்றியது. பம்புக்காரன் விலைப்பலகையை அழித்து எழுதினான். கொஞ்ச நாளில் இன்னொரு தரம் அழித்து எழுதினான். கம்பெனிகளில் சம்பளத்தை வெட்டினார்கள். புத்தியுள்ளவன் வண்டியை விற்றிருப்பான்; அல்லது குறைத்து ஓட்டி, குறைத்து ஓட்டுகிறேன் என்று சொல்லியிருப்பான். கனகசபைக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் இரண்டுக்கும் மனசு வரவில்லை.

அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாலை மோட்டார் சங்கம் என்று பெயர். அதற்குத் தலைவர் பிச்சைமுத்து, பள்ளிக்கூட மாஸ்டர். அவரிடம் மோட்டார் கிடையாது. அதனால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று அவரைத் தலைவராக்கியிருந்தார்கள். இங்கிலீஷில் விதிகள் எழுதத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான். பினாங் ஸ்திரீட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஷேக் அலாவுதீனின் வண்டி எல்லோருடையதையும்விடப் புதிது. அவருடைய சிரிப்பும் எல்லோருடையதையும்விடப் பெரிது. கனகசபை அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பாதி காரியங்களைச் செய்தார்.

விலை ஏறியதும் சங்கத்தின் பேச்சு மாறியது. அதுவரை எத்தனை குதிரை வேகம் என்று பேசினவர்கள், எஞ்சினை அணைத்துவிட்டு எவ்வளவு தூரம் உருட்டலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றி, பாடாங் முழுவதையும் புகைமூட்டமாக்கினார். கொசுவுக்கு நல்லது என்று அவரே சொல்லிக்கொண்டார். கனகசபையின் வழி வேறு. சாயங்காலம் கோடவுன் கூலிகள் இரண்டு பேரை வரவழைப்பார். அவர் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடிக்க, சௌந்தரம் பின்னால் பட்டுச்சேலையில் உட்கார, கூலிகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். பாடாங்குக்கு முந்தின திருப்பம் வந்ததும் அவர்களுக்கு ஆளுக்கொரு சுருட்டைக் கொடுத்து மரத்தடியில் நிறுத்திவிட்டு, எஞ்சினை முடுக்கி, ஹாரன் அடித்துக்கொண்டு திடலுக்குள் நுழைவார். திரும்பும்போதும் அப்படியே.

தள்ளுகிறவர்களின் மூச்சு சௌந்தரத்தின் பிடரியில் படும். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

"தலைய நிமித்து. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க" என்பார் கனகசபை.

சௌந்தரத்துக்கு ஒரே ஒரு அண்ணன். சின்னையா என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் பூலாவில், ஒரு சீனனுடைய ஜாதிக்காய்த் தோட்டத்தில் மண்டோராக இருந்தார். ஆட்களை மேய்க்கிற வேலை. மனைவி இறந்துபோனதிலிருந்து தனியாள். எதையும் கேலியாகச் சொல்லுவார். தங்கையின் கல்யாணத்தில் மாப்பிள்ளை கழுத்தை அறுக்கிற காலரோடு வந்து உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குத் தலையத் தனியா பார்சல்ல அனுப்பியிருக்காங்கடி" என்று மணவறையிலேயே அவள் காதில் சொன்னவர். அந்த அண்ணனுக்கு நெஞ்சில் நோய் வந்து தங்கிவிட்டது.

செய்தி கொண்டுவந்தவன் பாலிக் பூலா பஸ்ஸின் கண்டக்டர் காஜா மொய்தீன். பின்பக்கத்து வாசலில் நின்று சொன்னான்.

"அக்கா, அண்ணன் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகச் சொன்னாரு. அவசரம்னு சொல்லச் சொல்லல."

"அப்படியா."

"நானாத்தான் சொல்றேன் அக்கா. அவசரம்."

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அவள் கணவனிடம் கேட்டாள்.

"அண்ணனுக்கு ரொம்ப முடியலயாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாங்க."

"பாலிக் பூலாவுக்கா? கெந்திங் மேடு ஏறி எறங்கணும். எண்ணெய் என்ன விலை விக்குது தெரியுமா ஒனக்கு?"

"அப்ப நான் பஸ்ஸுல போய்ட்டு வர்றேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன்."

கனகசபையின் கை சோற்றிலேயே நின்றது.

"பஸ்ஸுலயா? கோழிக்கூடைக்கும் டுரியான் கூடைக்கும் நடுவுல ஒக்காந்துக்கிட்டா? பெரிய கிராணி பொஞ்சாதி பஸ்ஸுல போறான்னு அலாவுதீன் பாடாங் பூரா சொல்லிச் சிரிப்பான்லா."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு."

"கார் வச்சிருக்கிற வீட்டுப் பொம்பள பஸ் ஏறக் கூடாது. ரசம் ஊத்து."

அவள் ரசம் ஊற்றினாள். மோட்டார் போகாது, பஸ்ஸில் போகக் கூடாது. மோட்டார் இல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால் இந்நேரம் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கே புதிதாக இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

காஜா மொய்தீன் பிறகும் வந்தான். இந்தத் தரம் செய்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சீசாவில் ஜாதிக்காய் ஊறுகாயை வைத்துவிட்டு, "அண்ணன் குடுத்தாரு" என்றான். போகும்போது திரும்பி, "அவரால இப்ப கேட் வரைக்குந்தான் நடக்க முடியுது" என்றான்.

இதற்கிடையில் சங்கத்தார் தங்கள் சங்கடத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். சிக்கனமாக ஓட்டுகிறவன் இல்லாதவன். ஆனால் சிக்கனத்தில் பந்தயம் வைத்துவிட்டால்? அப்போது அது விளையாட்டு, கனவான்களுக்குரியது. ஆளுக்கு ஒரே அளவு பெட்ரோல் ஊற்றி, தொட்டி மூடியை அரக்கு வைத்து முத்திரையிட்டு, தீவை ஒரு சுற்றுச் சுற்றி, இருட்டுவதற்குள் வந்து சேர வேண்டும். யார் தொட்டியில் அதிகம் மிஞ்சுகிறதோ அவருக்கு வெள்ளிக் கோப்பை. பிச்சைமுத்து மாஸ்டர் விதிகள் எழுதினார். வண்டிக்கு இரண்டு பேரை ஏற்ற வேண்டும். மேட்டில் அவர்கள் இறங்கி நடக்கலாம். ஆனால் புறப்படும்போது ஏறினவர்கள் முடிவிலும் வண்டியில் இருந்தாக வேண்டும். முன்னோட்டம் பார்த்தபோது ஒருவர் மாமியாரை வழியில் பாயான் லெப்பாஸில் இறக்கிவிட்டு எடை குறைத்திருந்தார். அதனால்தான் அந்த விதி.

கனகசபை வீட்டுக்கு வந்து பெருந்தன்மையாகச் சொன்னார்.

"ஒங்கண்ணனப் பாக்கணும்னியே. ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கமாத்தான் போறோம். நீயும் வா."

சௌந்தரம் நம்பினாள். காஜா மொய்தீனிடம் சொல்லியனுப்பினாள். சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்றாள். பூண்டு ரசம் வைத்தாள், தேங்காய்த் துவையல் அரைத்தாள், பழைய கம்பளி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் விடிந்ததும் ரசத்தைத் திரும்பக் கொதிக்கவைத்துத் தூக்கில் ஊற்றி, எல்லாவற்றையும் ஒரு பிரம்புக்கூடையில் அடுக்கினாள்.

வாசலில் கனகசபை வண்டியின் எடையைக் குறைத்துக்கொண்டிருந்தார். உபரிச் சக்கரத்தைக் கழற்றினார். கருவிப்பெட்டியை இறக்கினார். மேல்கூரையையே பிரித்து வீட்டுக்குள் போட்டார். பிறகு அவள் கையிலிருந்த கூடையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எத்தன கட்டி எடை இருக்கும்?"

"அண்ணனுக்குங்க. ரசமும் கம்பளியும்."

"ஒங்கண்ணன் ரசம் குடிக்கிறதுக்கு என் வண்டி எண்ணெய் குடிக்கணுமா?"

கூடை வாசலிலேயே நின்றது. அவர் மாஸ்டரைக் கூப்பிடத் திரும்பிய நேரத்தில், ரசம் இருந்த சின்னத் தூக்கை மட்டும் அவள் எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அது அவள் வயிற்றைச் சுட்டது.

பிச்சைமுத்து மாஸ்டர் முன் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். எந்த வண்டியில் கண்காணிப்பு அதிகம் வேண்டுமோ அதில் தலைவர் ஏற வேண்டும் என்று அலாவுதீன் சொன்னாராம்.

தெலுக் கும்பார் வரை சமவெளி. கனகசபை எறும்பு ஊர்வது போல ஓட்டினார். ஒரு சைக்கிள்காரன் அவர்களைத் தாண்டிப் போனான். பிறகு ஏதோ மறந்தவன் போல எதிரே வந்தான். திரும்பவும் தாண்டிப் போனான். மாஸ்டர் கடலைத் தோலை வெளியே போட்டுக்கொண்டே வந்தார்.

மேடு ஆரம்பித்ததும் கனகசபை வண்டியை நிறுத்தாமலே சொன்னார்.

"மாஸ்டர், எறங்குங்க. சௌந்தரம், எறங்கு."

வண்டி இரைந்துகொண்டு மேலே போயிற்று. ஒரு பெண்பிள்ளையும் ஒரு தொந்திக்காரரும் அதன் புகைக்குள் நடந்தார்கள். மாஸ்டர் வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினார்.

"மேட்டுல நடக்கலாம்னு எழுதினது நான்தான்மா. நான் நடக்கணும்னு அப்பத் தோணல."

சௌந்தரம் நிற்கவில்லை. தூக்கு சாயாமல் பிடித்துக்கொண்டு ஏறினாள். உச்சியில் வண்டி காத்திருந்தது. கீழே பாலிக் பூலா முழுவதும் தெரிந்தது: நெல் வயலும், தென்னை மரங்களும், அதற்கப்பால் வெள்ளையாகக் கடலும். எங்கோ அந்தப் பச்சைக்குள் அண்ணன் வீட்டுக் கூரை.

அவள் ஏறியதும் கனகசபை எஞ்சினை அணைத்தார். வண்டி தானாக உருள ஆரம்பித்தது. சத்தமே இல்லை. இலைகளுக்குள் வண்டுகள் கத்துவது கேட்டது. அந்த மோட்டார் வாயை மூடிக்கொண்டு போனது அவளுக்கு முதல் தரமாகப் பிடித்திருந்தது.

"அண்ணன் வீடு அடிவாரத்துலங்க. ஜாதிக்காய்த் தோட்டத்து வேலி முடியற எடம். ஞாபகம் இருக்குல்ல?"

"ம்."

"முன்னாடியே பிரேக் போட்டாத்தான் சரியா நிக்கும்."

"நிக்கிறதா?" கனகசபை திரும்பாமலே சொன்னார். "நின்னா மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணினா எவ்வளவு எண்ணெய் குடிக்கும்னு ஒனக்கென்ன தெரியும். இந்த உருட்டுலயே சந்தையத் தாண்டிடலாம். அலாவுதீன் அங்கதான் எண்ணெயக் கொட்டி மாட்டுவான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அப்ப அண்ணன?"

"போறபோதே பாத்துக்க. வாசல்லதான நிப்பாரு."

மாஸ்டர் கடலை தின்பதை நிறுத்தினார். ஆனால் அதற்கு விதி எதுவும் அவர் எழுதியிருக்கவில்லை.

சின்னையா வாசலில்தான் இருந்தார். வேலிக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். முகம் மழித்திருந்தார். தோளில் மாட்டிவைத்தது போலத் தொங்கியது வெள்ளைச் சட்டை. பக்கத்து வீட்டு மலாய்க்காரி காமாரியா பின்னால் நின்று குடை பிடித்தாள். வளைவில் வண்டி தெரிந்ததும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து கையைத் தூக்கினார். சிரித்தார்.

வண்டி அவருக்கு முன்னால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. தூக்கின கை அப்படியே இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும், கழுத்து எலும்பையும், மழிக்கும்போது மோவாயில் பட்டிருந்த வெட்டையும் சௌந்தரம் பார்த்தாள். அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. அவர் கழுத்தைத் திருப்பி, இன்னும் கொஞ்ச தூரம் போய் நிற்கப்போகிறார்கள் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி நிற்கவில்லை. ஆனால் சரிவு முடிந்துவிட்டது. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் சாலை லேசாக எழும்பியது, உருட்டு தளர்ந்தது. கனகசபை உடம்பை முன்னுக்குச் சாய்த்துச் சாய்த்து வண்டிக்கு வேகம் கொடுக்கப் பார்த்தார். சௌந்தரம் கதவைத் திறந்து, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கினாள்.

"ஏய், என்ன பண்ற? ஏறு. சௌந்தரம், ஏறு." பிரேக்கைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. உருண்டுகொண்டே தலையை மட்டும் பின்னால் திருப்பிக் கெஞ்சினார். "வேகம் போயிடும். ஓடி வந்து ஏறிடு."

"கிராணி," என்றார் மாஸ்டர், "பின்னால பாத்தது போதும். நம்மள ஒரு வாத்து தாண்டிப் போவுது."

அவள் திரும்பி நடந்தாள். அண்ணன் வேலியைப் பிடித்துக்கொண்டு பாதி வழி வந்திருந்தார்.

"என்னடி," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "மாப்பிள்ளை ஓட்டுறாரா, உருட்டுறாரா?"

"உருட்டுறாரு அண்ணே."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்பதற்கு வெகுநேரம் ஆயிற்று. காமாரியா துண்டைக் கொடுத்தாள். பிறகு அதைச் சுருட்டிச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். உள்ளே பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். ரசத்தில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. சௌந்தரம் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள்.

"உப்பு தூக்கல்" என்றார் சின்னையா. "பட்டணத்துல உப்புக்கு மட்டும் வெல ஏறலயா?"

வெளியே அலாவுதீனின் வண்டி போகிற சத்தம் கேட்டது; அதோடு அவருடைய சிரிப்பும். "என்னா கிராணியாரே, எண்ணெ தீந்துபோச்சா?"

கொஞ்ச நேரத்தில் கனகசபை வேலிக்கு வெளியே வந்து நின்றார். கையில் கடிகாரம் இருந்தது. உள்ளே வரவில்லை. சௌந்தரம் வாசலுக்கு வந்தாள்.

"பாத்தாச்சுல்ல? வா. எறங்கினது தப்பில்ல. முடிவுல வண்டியில இருந்தாச் செல்லும். மாஸ்டரக் கேட்டுட்டேன்."

"உள்ள வந்து அண்ணன ஒரு வார்த்த கேளுங்க."

"அடுத்த தடவ சாவகாசமா வந்து பாக்கலாம். இப்பப் பொறப்பட்டாக்கூட தெலுக் பஹாங் எறக்கத்துல உருட்டி அவன் மிச்சத்தப் புடிச்சிடலாம்."

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது உள்ளே படுத்திருந்தவருக்குத் தெரியும், காமாரியாவுக்குத் தெரியும், கனகசபைக்கும் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை.

"நீங்க போங்க" என்றாள் சௌந்தரம். "நான் இருந்து பாத்துட்டு வர்றேன்."

"எதுல வருவ?"

"பஸ்ஸுல."

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால், மைத்துனன் செத்த சேதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பார்த்தார், யார் காதிலாவது விழுந்ததா என்று.

பந்தயத்தில் அவர் பெயரை மாஸ்டர் அடித்துவிட்டார். ஆள் குறைந்துபோன பிறகு எண்ணெய் மிச்சம் பிடித்துப் பிரயோசனமில்லை. ஆனாலும் அடுத்த மலையின் இறக்கத்தில் கனகசபை எஞ்சினை அணைத்துத்தான் உருட்டினாராம். "எதுக்கு கிராணின்னு கேட்டேன்," என்று மாஸ்டர் பிற்பாடு பலரிடம் சொன்னார், "ஒரு பழக்கம்தான்னு சொன்னாரு."

சௌந்தரம் அன்றைய பஸ்ஸில் திரும்பவில்லை. அதற்கடுத்த நாள் பஸ்ஸிலும் இல்லை. கூறைப்பட்டு பட்டணத்து வீட்டிலேயே கிடந்தது. காமாரியா கொடுத்த கைலியைக் கட்டிக்கொண்டு அவள் அண்ணனுக்குக் கஞ்சி வைத்தாள், முதுகு தேய்த்துவிட்டாள், துண்டுகளை வெந்நீரில் அலசினாள். சாயங்காலம் கடலிலிருந்து வயல் வழியாகக் காற்று வரும். பாயை வாசல் பக்கம் இழுத்துப் போடுவாள். அவரால் அதிகம் பேச முடியவில்லை. ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டே, "பாடாங்ல இந்தக் காத்துக்கு எண்ணெய் போடணும்" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிப்பதற்கும் பயந்து உதட்டை மட்டும் அசைத்தார்.

பட்டணத்திலிருந்து காஜா மொய்தீன் மூலம் கனகசபை சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். பின் இருக்கை காலியாக இருப்பதைப் பாடாங்கில் எல்லோரும் கேட்கிறார்களாம். காற்று மாற்றத்துக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாராம். சீக்கிரம் வர வேண்டுமாம். அண்ணன் எப்படியிருக்கிறார் என்று ஒரு தரமாவது கேட்டாரா என்று அவள் கண்டக்டரிடம் விசாரித்தாள்.

"பொய் சொல்லவா அக்கா?" என்றான் அவன்.

சின்னையா ஒரு விடியற்காலையில், அவள் நெற்றியில் ஈரத்துணி போடத் திரும்பிய நேரத்தில், போய்விட்டார். மூச்சு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. துணியைப் போட்டுவிட்டு, குளிர்ச்சியாயிருக்கா அண்ணே என்று கேட்டாள். பதில் வராதபோதும் துணியை எடுக்காமல் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஆட்கள் வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எடுக்கிற அன்றைக்குக் கனகசபை வரவில்லை. ஆபீசில் கப்பல் நாளாம். கருமாதிக்கு வந்தார். மலைப்பக்கத்துச் சாலையிலிருந்து, குடையை ஊன்றிக்கொண்டு, நடந்து வந்தார். தேய்ந்து அறியாத அவருடைய செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. சடங்குக்கு வந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வண்டி மேல திருப்பத்துல நிக்குது," என்றார், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே. "இங்க நிறுத்தினா எடஞ்சல் பாருங்க."

சௌந்தரம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோட்டுப் பையின் வாயில் பஸ் டிக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. தோளில் ஒரு கோழி இறகு. அவள் அதைத் தட்டிவிடவில்லை. இலை போட்டபோது மற்றவர்களுக்குப் போட்ட மாதிரி அவருக்கும் ஒரு இலை போட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சாமான எடுத்துக்கிட்டு மெதுவா வா. நான் முன்னால போய் வண்டியப் பாக்குறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வேள ரிப்பேரா இருந்தா, வேற வழியில்லாம… பாத்துக்கலாம்."

"போங்க" என்றாள்.

அவர் குடையை ஊன்றிக்கொண்டு திருப்பத்தைப் பார்த்து மேடேறினார். முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. வேடிக்கை பார்ப்பவர்கள் இருந்தார்களே.

சௌந்தரம் அண்ணனுடைய இரண்டு சட்டையையும், ஒரு சீசா ஊறுகாயையும், காலித் தூக்கையும் ஒரு துணியில் முடிந்துகொண்டாள். காமாரியா அவள் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்து, பிறகு விட்டாள். பட்டணத்து பஸ் சந்தைப் பக்கத்திலிருந்து வந்து வேலியோரம் நின்றது. காஜா மொய்தீன் இறங்கி, மூட்டையை வாங்கிக் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் வைத்தான். ஜன்னலோரத்து இடத்தில் இருந்த ஒரு கிழவனை நகர்த்தி அவளை உட்கார வைத்தான்.

பஸ் மேடு ஏறியது. முதல் திருப்பத்தில், நிழலே இல்லாத இடத்தில், கனகசபை தனியாக நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் குடையை உயர்த்தினார். அப்போது ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டார். குடை அரைவாசியில் நின்றது. அவர் முகத்தைத் திருப்பி, மலையில் ஏதோ மரத்தை விலைபேச வந்தவர் போல அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்.

காஜா மொய்தீன் மணிக்கயிற்றைப் பிடித்தான்.

"நிறுத்தவா அக்கா? காலையில இவரு நம்ம பஸ்ஸுலதான…"

"வேண்டாம் தம்பி" என்றாள் சௌந்தரம். "அவருக்குக் கார் இருக்கு."

பஸ் நிற்காமல் திருப்பத்தைக் கடந்தது.